திரும்பி வராத மின்சாரம்

இதை முதன்முதலில் சொன்னவள் மாவுக்கார வீதியின் கடைசி வீட்டு வேலாத்தாள். சொல்லத் தொடங்குமுன் அவள் ஒரு பலகையை இழுத்துப் போட்டு, அதன்மேல் இரு பாதங்களையும் தூக்கி வைத்துக்கொண்டாள். சொல்லி முடிக்கும்வரை ஒரு விரல்நுனியைக்கூடத் தரையில் ஊன்றவில்லை. ஊன்றியிருந்தால் தலைக்குமேல் சுழன்றுகொண்டிருந்த மின்விசிறி நின்றுபோயிருக்கும்.

நொய்யலாற்றின் தென்கரையில், சாயத் தண்ணீர் நுரைத்து ஓடும் வாய்க்காலுக்கும் மூடிக்கிடக்கும் நூற்பாலையின் மதிலுக்கும் நடுவே அந்த வீதி கிடக்கிறது. ஊர் முழுவதற்கும் இட்லி மாவு அங்கிருந்துதான் போகிறது. வீட்டுக்கு வீடு சமையற்கட்டில் ஒரு பெரிய கிரைண்டர். காலையில் ஒரு வீட்டுக் கல் உருளத் தொடங்கினால் அடுத்த வீட்டுக் கல் அதற்குப் பதில் சொல்லும். மாலையில் கடைசிக் கல் நிற்கும்போதுதான் அவ்வீதியார் தங்கள் காதுகள் வலிப்பதை உணர்வார்கள். பழைய கிரைண்டர்கள் அவை. ஊறிய அரிசித் தண்ணீர் மோட்டாருக்குள் இறங்கி இறங்கி, தொட்டால் சுரீரென்று இழுக்கும். அதற்காக யாரும் மோட்டாரைப் பிரித்துப் பார்த்ததில்லை. பலகை போட்டு அதன்மேல் நின்று அரைத்தார்கள். மருமகளாய் வருகிற ஒவ்வொருத்தியும் பாத்திரப் பண்டங்களோடு ஒரு பலகையும் கொண்டுவருவது அவ்வீதியின் வழக்கமாகவே ஆகிவிட்டது. கசிவை மண்ணுக்குள் இறக்கும் எர்த் கம்பியை முன்பே அறுத்தெடுத்து, துணி காயப்போடும் கொடியாகக் கொல்லையில் கட்டியிருந்தார்கள்.

ஓட்டு வீடுகள் காரை வீடுகளாக மாறியபோது, ஒவ்வொரு வீட்டு மின்பெட்டியிலும் ட்ரிப்பர் என்று எல்லோரும் சொல்லும் ஒரு வெள்ளைக் கருவி வந்து அமர்ந்தது. அதற்கு வேலை ஒன்றே ஒன்று. வீட்டுக்குள் போன மின்சாரம் அத்தனையும் திரும்பி வருகிறதா என்று அது ஓயாமல் நிறுத்துப் பார்க்கும். முப்பது மில்லி ஆம்பியர் குறைந்து வந்தால், குறைந்த அந்தச் சிறு அளவு சுவரின் வழியாகவோ ஈரத்தின் வழியாகவோ ஓர் உடம்பின் வழியாகவோ மண்ணுக்குள் இறங்கிவிட்டது என்று அறிந்துகொள்ளும். அறிந்த கணமே, யாரையும் ஒன்றும் கேளாமல், தன் நாக்கைக் கீழே தள்ளி வீட்டையே நிறுத்திவிடும். கசிகிற கிரைண்டரோடு அதற்கு எப்படி ஒத்துப்போகும்? கல் உருண்ட சற்று நேரத்தில் நாக்கு விழுந்தது. தூக்கிவிட்டால் மறுபடி விழுந்தது. அரைபட்டும் அரைபடாமலும் மாவு பொங்கிப் புளித்தது. ஆகவே ஒரு வீட்டார் ஒயர்மேன் அங்கப்பனைக் கூப்பிட்டு அந்தக் கருவியைக் கழற்றச் சொன்னார்கள். அவனும் கழற்றி, கம்பிகளை நேராக முறுக்கிச் சேர்த்து, ‘டைரக்ட்’ கொடுத்துவிட்டுப் போனான். பிறகு அடுத்த வீடு. பிறகு அதற்கடுத்த வீடு. மாராத்தாள் வீட்டில் அவன் நாற்காலியில் ஏறி நின்று கழற்றும்போது, நாற்காலி ஆடாமல் பிடித்துக்கொண்டிருந்தவள் அவள் மகள் சுகுணா.

சுகுணாவின் அண்ணன் நாச்சிமுத்து மொபெட்டில் மாவு விற்பவன். அவன் மனைவி கலாமணி; அவர்களுக்கு ஒரு கைக்குழந்தை. அண்ணன் மனைவியை ‘நங்கை’ என்றழைப்பது அந்தப் பக்கத்து வழக்கம். சுகுணாவும் அப்படித்தான் அழைத்தாள். கலாமணியின் தந்தை காளியண்ணன், மகளைக் கொடுக்குமுன் இந்த வீட்டுக்கு வந்து கிரைண்டரைத் தொட்டுப் பார்த்து, கையை உதறிக்கொண்டு, ஊர் திரும்பி, தன் தோட்டத்துப் பூவரச மரத்தை அறுத்து, தன் கையாலேயே இழைத்து ஒரு பலகை செய்து மகளோடு அனுப்பினார். வீதியிலேயே அதுதான் நல்ல பலகை. நான்கு காலும் தரையில் பதிந்து, ஆடாமல் நின்றது.

சுகுணாவுக்குப் பல்லடம் பக்கத்திலிருந்து மாப்பிள்ளை அமைந்து, உப்புச்சர்க்கரை மாற்றி உறுதி செய்ய ஒரு வெள்ளிக்கிழமை குறித்தார்கள். அன்றும் மாவுக்கடைகளுக்குக் கொடுத்த வாக்கைத் தட்ட முடியவில்லை. கலாமணி சமையற்கட்டில் அரைத்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை வீட்டார் கூடத்தில் வந்து அமர்ந்த பிறகுதான் பெண்ணை உட்காரவைக்க நல்ல மணைப்பலகை இல்லை என்பது நினைவுக்கு வந்தது. பட்டுச் சேலையைத் தூக்கிப் பிடித்தபடி சுகுணா உள்ளே ஓடினாள்.

“நங்கை, சித்தெ எறங்குங். மணைக்குப் பலகை வேணுமாமா.”

“ஏ அம்மிணி, இந்த ஊட்டுல அத்தன பலகை கெடக்குது, என்றதுதான் உன்ற கண்ணுக்குத் தெரியுதா?”

“அதெல்லாம் தண்ணி பட்டு நெளிஞ்சு போச்சுங். உங்கப்பா பண்ணுனதுதான் ஆடாம நிக்கும்.”

“எடுத்துக்கோ, எடுத்துக்கோ. கல்யாணப் பொண்ணு ஆடாம இருக்கோணுமல்ல?” கலாமணி சிரித்துக்கொண்டே இறங்கினாள். “நீ எந்திரிக்கற வரைக்கும் நான் ஒத்தக் கால்ல தவம் நிக்கறேன்.”

“செருப்பையாச்சும் போட்டுக்குங் நங்கை.”

“வெள்ளிக்கெழமயும் அதுவுமா, சமையக்கட்டுல செருப்பா? உங்கம்மா அரிசியோட சேர்த்து என்னையும் அரைச்சுப்போடுவாங்க. போ, போ.”

பலகையைக் கழுவி, மஞ்சள் பூசி, கோலமிட்டு, அதன்மேல் சுகுணாவை அமர்த்தினார்கள். ஒரு தட்டில் உப்பும் ஒரு தட்டில் சர்க்கரையுமாக இரு வீட்டுப் பெரியவர்களின் கைகளுக்கிடையே போய் வந்துகொண்டிருக்கையில், சமையற்கட்டில் உருண்டுகொண்டிருந்த கல்லின் ஒலி மாறியது. எதையோ இழுத்துக்கொண்டு உருள்வதுபோல் அது உறுமியது. வளையல்கள் இரும்பில் உரசிக் கிலுகிலுத்தன. பிறகு கிலுகிலுக்கவில்லை. அவ்வீதியில் பிறந்து அந்த ஒலியோடு வளர்ந்த சுகுணாவுக்கு அதன் பொருள் விளங்காதிருக்க வழியில்லை. ஆனால் தட்டுகள் கைமாறி முடியாமல் மணையிலிருந்து பெண் எழுந்தால் அந்தச் சம்பந்தம் விளங்காது என்பார்கள். மாப்பிள்ளையின் தாய் குங்குமத்தோடு குனிந்துகொண்டிருந்தாள். சுகுணா எழவில்லை. குங்குமம் வைத்தார்கள், எழவில்லை. பூ வைத்தார்கள், எழவில்லை. ட்ரிப்பர் இருந்திருந்தால் அதுவாவது விழுந்திருக்கும். அது அங்கப்பனின் சாக்குப்பையில் கிடந்தது.

மாராத்தாள் உள்ளே போனாள். சற்று நேரத்தில் கல் நின்றது. வெளியே வந்து, சமையற்கட்டுக் கதவைச் சாத்தி, தாழிட்டு, விருந்துக்கு வந்த ஒறம்பரைக்கு இலை போடச் சொன்னாள். அவள் பாயசம் ஊற்றுகையில் ஒரு துளிகூட இலைக்கு வெளியே சிந்தாததைச் சுகுணா தலைகுனிந்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

விருந்தினர் போன பிறகு, நெஞ்சுவலி என்று சொன்னார்கள். மாவு விற்கப் போயிருந்த நாச்சிமுத்துவிடமும் அப்படியே சொன்னார்கள். அவன் நம்பினான், அல்லது நம்புவதென்று முடிவு செய்தான். உடலைக் குளிப்பாட்ட வந்த வீதிப் பெண்கள், வலது உள்ளங்கையில் விரல்களின் அடியிலே வெள்ளையாய் வெந்திருந்த ஒரு கோட்டைப் பார்த்தார்கள். ஒவ்வொருத்தியும் பார்த்தாள். ஒவ்வொருத்திக்கும் தன் வீட்டு மின்பெட்டி நினைவுக்கு வந்தது. வேலாத்தாள்தான் ஒரு வெற்றிலையை அந்தக் கைக்குள் வைத்து, விரல்களை மடக்கி, நூலால் கட்டினாள். கட்டி முடிக்கும்வரை யாரும் பேசவில்லை. முடித்த பிறகும் பேசவில்லை.

காளியண்ணன் வந்து மகளின் முகத்தைப் பார்த்தார். பிறகு கூடத்துச் சுவரோரம் நிறுத்தியிருந்த பலகையைப் பார்த்தார்.

“இதுல யாரு மஞ்சப் பூசுனது?”

தாயின் பாலுக்கு அழுதழுது தூங்கிப்போன பேத்தி இனியாள் சுகுணாவின் மடியில் கிடந்தாள். அவர் குனிந்து அவளுடைய தலையைத் தொட்டுவிட்டு, சுகுணாவிடம் மட்டும் கேட்கும்படி சொன்னார். “அம்மிணி, உன்ற மடியில பிள்ள நிம்மதியாத் தூங்குது. இருக்கட்டும். ஆனா என்ற பொண்ணு சாவுல நீங்க சொன்னதத் தவர வேற ஏதாச்சும் இருக்குதுன்னு தெரிஞ்சா, ஒரு நிமிசம்கூட இவள இந்த ஊட்டுல உடமாட்டேன்.”

அன்று முதல் அந்தக் குழந்தை சுகுணாவின் குழந்தையாயிற்று. அவள் ஊட்டினால் உண்டாள். அவள் தட்டினால் உறங்கினாள். வேறு யார் தூக்கினாலும் அவளைத் தேடி இரு கைகளையும் நீட்டினாள்.

காரியம் முடிந்த பிறகு, வீதிப் பெண்கள் ஒருவர்பின் ஒருவராக அங்கப்பனைத் தனியே கூப்பிட்டு, பக்கத்து வீட்டாரிடம் சொல்லிவிடாதே என்ற வேண்டுகோளோடு, ட்ரிப்பரைத் திரும்ப மாட்டச் சொன்னார்கள். மோட்டார்களையும் பிரித்துக் காயவைத்தார்கள். துணிக்கொடிகள் மறுபடி எர்த் கம்பிகளாயின. இனி எல்லாம் சரியாகிவிடும் என்றுதான் நினைத்தார்கள். மறுநாள் காலை வேலாத்தாள் கட்டிலிலிருந்து இறங்கித் தரையில் காலை ஊன்றினாள், ட்ரிப்பர் விழுந்தது. அவள் எதையும் தொடவில்லை. காலைத் தூக்கினாள்; கணவர் போய் நாக்கைத் தூக்கிவிட்டார்; நின்றது. ஊன்றினாள், விழுந்தது. அதே வேளையில் எதிர்வீட்டிலும் விழுந்தது. அதற்கடுத்த வீட்டிலும். வீடுகளெல்லாம் இப்படி அணைந்தும் எரிந்தும் கொண்டிருக்க, அந்த உள்ளங்கையைப் பார்த்த பெண்கள் அனைவரும் தத்தம் கட்டிலின்மேல் கால்களை மடக்கி உட்கார்ந்திருந்தார்கள்.

அங்கப்பன் வீடுவீடாய்ப் போய்ச் சோதித்தான். கம்பியில் கசிவில்லை, சுவரில் கசிவில்லை, கிரைண்டரிலும் இல்லை. கசிந்தது அந்தப் பெண்களின் பாதம் வழியாகத்தான். வீட்டுக்குள் சுற்றிவரும் மின்சாரத்தில் ஒரு சிறு பங்கு, ஒரு கம்பியையும் தொடாமலே, அவர்களுடைய உடம்பில் ஏறி, உள்ளங்காலில் இறங்கி, மண்ணுக்குள் போய்க்கொண்டிருந்தது. மின்வாரியத்திலிருந்து வந்த பொறியாளர் காலணியைக் கழற்றாமலே வீதியை ஒருமுறை நடந்து பார்த்து, தரையில் ஈரம் அதிகம் என்று சொல்லிவிட்டுப் போனார். சித்த வைத்தியர் உள்ளங்காலில் தேய்க்க எண்ணெய் காய்ச்சிக் கொடுத்தார். வீதியார் அதற்குக் ‘கரண்டுச் சீக்கு’ என்று பெயர் வைத்தார்கள். பெயர் வைத்த பிறகு அது மழைக்காலத்துச் சளியைப்போல் பழகிய ஒன்றாகிவிட்டது.

எப்படிப் பழகினார்கள் என்பதைத்தான் சொல்லவேண்டும். சமையற்கட்டில் செருப்புக் கூடாதென்று மருமகள்களை மிரட்டிய மாமியார்களே, ரப்பர் செருப்பு மாட்டிக்கொண்டு அடுப்படியில் நடந்தார்கள். பூசை அறைக்குத் தனியாக ஒரு சோடி வைத்துக்கொண்டார்கள். தச்சர் வந்து வீதி முனையில் கூடாரம் போட்டுப் பலகை அறுத்தார். பெண்கள் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போகையில் கக்கத்தில் பலகையோடு போனார்கள். போய், பலகையைப் போட்டு, அதன்மேல் ஏறி நின்ற பிறகே நலம் விசாரித்தார்கள். “அம்மா, காலத் தூக்கு!” என்பது பிள்ளைகளின் பேச்சில் சோறு, தண்ணீர்போல் ஒன்றாயிற்று. நாச்சிமுத்துவின் கால் பட்டால் விளக்கு அணையாது. ஒருமுறை சிமிட்டும், அவ்வளவுதான். குழந்தைகள் கால் பட்டால் ஒன்றுமே ஆகாது.

“ஏனுங்க்கா, நீங்க எங்க ஊட்டு வாசப்படி மிதிச்சீங், எங்க ஃப்ரிட்ஜு நின்னு போச்சு.”

“அடி இவளே, உன்ற ஃப்ரிட்ஜு நிக்கறது நீ பாத்ரூம் போறப்ப. என்மேல எதுக்குப் பழியப் போடற?”

“நானெல்லாம் செருப்போடதான் போறனுங்.”

“ஆமா, செருப்போடதான் தூங்கறே, செருப்போடதான் குளிக்கறே. உன்ற ஊட்டுக்காரன்தான் சொன்னான்.”

சிரிப்பார்கள். பலகைமேல் நின்று சிரிக்கையில் தடுமாறி ஒருத்தியின் கால் தரையில் பட்டுவிடும், அந்த வீட்டு விளக்கு அணையும், சிரிப்பும் அணையும். அந்த இருட்டில் ஒருவர் உள்ளங்கையை ஒருவர் பார்க்காமல் எங்கோ பார்த்துக்கொண்டு நிற்பார்கள். எதனால் வந்தது இந்தச் சீக்கு என்று ஒருவரும் கேட்டதில்லை. தெரியாததைத்தானே கேட்பார்கள்?

எல்லோரிலும் கடுமையாகக் கசிந்தவள் சுகுணா. அவள் பெருவிரல் தரையில் பட்டாலே அவள் வீட்டோடு பக்கத்து வீடும் சேர்ந்து அணைந்தது. ஆகவே நாச்சிமுத்து கூடத்திலிருந்து சமையற்கட்டுவரை பலகைகளை வரிசையாகப் பரப்பினான்; சமையற்கட்டில், கிரைண்டருக்கு முன்னால், பூவரசம் பலகை. சுகுணா பலகைவிட்டுப் பலகை தாவித் தாவி வீட்டுவேலை செய்தாள். நடக்கப் பழகிக்கொண்டிருந்த இனியாள், அத்தை தனக்காகத்தான் இப்படிக் குதிக்கிறாள் என்றெண்ணிக் கைதட்டிச் சிரித்தபடி, வெறுங்காலோடு அவள் பின்னால் தத்தித் தத்தி வந்தாள். பல்லடத்து மாப்பிள்ளை வீட்டார் விசாரித்துவிட்டு, ஓராண்டு போகட்டும், பெண் செருப்புப் போட்டுக்கொள்வதில் தங்களுக்கு மறுப்பில்லை என்று சொல்லியனுப்பினார்கள்.

மாரியம்மன் பொங்கல் வந்தது. மாவிளக்கேந்தி, வெறுங்காலோடு, வீதிப் பெண்கள் கோயிலுக்குள் நுழைந்த மாலையில் தோரண விளக்குகள் அணைந்தன. ஒலிபெருக்கி பாதிச் சொல்லில் விக்கி நின்றது. கோயிலிலும் ட்ரிப்பர் இருந்ததை அப்போதுதான் எல்லோரும் அறிந்தார்கள். கோயிலுக்குள் செருப்புப் போட முடியாது. கமிட்டியார் கூடிப் பேசி, வாசலிலிருந்து கருவறைவரை பலகை பரப்பினார்கள். பெண்கள் ஒருவர்பின் ஒருவராக, மாவிளக்கு அலையாமல், பலகைமேல் நடந்து போய்க் கும்பிட்டுத் திரும்பினார்கள். அம்மனும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

ஆனால் மறுநாள் தேநீர்க்கடையில் கமிட்டித் தலைவர் பேச்சை எடுத்தார். கல் அடிக்கடி நிற்பதால் மாவு புளிக்கிறது, வாடிக்கை போகிறது, வெளியூர்க்காரர்கள் சிரிக்கிறார்கள் என்றெல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில் சொன்னார்.

“எல்லார் ஊட்டுலயும் அந்தக் கருமத்தக் கழட்டிப்போடுங். கழட்டிட்டா, யாரு கால்ல என்ன இருக்குதுன்னு யாருக்குத் தெரியப்போவுது?”

அதைக் கேட்டு வீதியே மூச்சுவிட்டது. அங்கப்பன் மறுபடியும் சாக்குப்பையை எடுத்தான்.

மாராத்தாள் வீட்டுக்கு அவன் வந்தபோது மாலை மாவு அரைபட்டுக்கொண்டிருந்தது. மகளுக்கும் தாய்க்கும் காலையிலிருந்தே வாக்குவாதம்.

“கழட்டக் கூடாதும்மா. பிள்ள நடக்குது. கைய நீட்டுனா கிரைண்டர்ல படுது.”

“மோட்டாரத்தான் பிரிச்சுக் காயவெச்சாச்சல்ல?”

“மறுபடி ஈரம் எறங்காதா? நேத்துத் தொட்டேன், சுருக்குன்னுச்சு.”

“ஒருக்கா நடந்தா எப்பவும் நடக்குமா? மூணு கடைக்காரன் மாவு வேண்டாம்னு சொல்லிப்போட்டான். நாளைக்கு உன்ற அண்ணன் எதை விக்கறது? உன்னையக் கட்டிக்குடுக்கறது எதை வெச்சு?” மாராத்தாள் தன் பலகையின்மேல் நின்றபடியே அங்கப்பனைப் பார்த்தாள். “நீ கழட்டு அங்கப்பா. இவ பேச்சக் கேட்டுட்டு நிக்காத.”

அங்கப்பன் மெயினை இறக்கி, கருவியைக் கழற்றிச் சாக்கில் போட்டு, கம்பிகளை முறுக்கிவிட்டு, மெயினை ஏற்றினான். நின்ற கல் உருளத் தொடங்கியது. அந்த ஒலியைக் கேட்டு இனியாள், குடத்துத் தண்ணீரில் விளையாடி நனைந்த காலோடு, ஈரத் தரையில் சிறு சிறு பாதம் பதித்து ஓடிவந்து, சுழலும் உருளையைப் பிடிக்க வலக்கையைத் தூக்கினாள்.

சுகுணா பலகையிலிருந்து பாய்ந்தாள். குழந்தையின் கை உருளையைத் தொடுவதற்கு ஓர் இலையளவு தூரம் இருக்கையில் அவளை அந்தரத்தில் அள்ளிக்கொண்டாள். அள்ளிக்கொண்ட பிறகுதான், தான் வெறுங்காலோடு தரையில் நிற்பதைக் கண்டாள். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கல் உருண்டுகொண்டிருந்தது. இத்தனை மாதங்களில் முதல் முறையாக அவள் கால் மண்ணில் பட்டும் ஒன்றும் அணையவில்லை. சீக்குத் தீர்ந்துவிட்டது என்று ஒரு கணம் அவள் நெஞ்சு குதித்தது. அடுத்த கணம் விளங்கிற்று: ஒன்றும் தீரவில்லை. பார்த்துக்கொண்டிருந்த ஒன்றைக் கழற்றிச் சாக்கில் போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். நங்கை அன்று நின்ற தரையும் இப்படித்தான் இருந்திருக்கும், வெளிச்சமாக.

அவள் குழந்தையைப் பூவரசம் பலகையில் நிறுத்தினாள். கிரைண்டர் சுவிட்சை அணைத்தாள். அங்கப்பனின் சட்டைப்பையிலிருந்த கைப்பேசியை அவளே எடுத்தாள்.

“அண்ணா, அத மறுபடி மாட்டுங். மாட்டிட்டு இங்கயே இருங்.”

“யாருக்குடி போன் பண்றே?” என்றாள் மாராத்தாள்.

“காளியண்ண மாமாவுக்கு.”

மாராத்தாளின் குரல் அதுவரை யாரும் கேட்டிராத விதமாகத் தாழ்ந்தது. “கண்ணு, வெச்சுப்போடு. போன வெச்சுப்போடு சாமி. அவரு வந்தா பிள்ளையத் தூக்கிட்டுப் போயிருவாரு. அப்பறம் நீ அவளக் கண்ணுல பாக்க முடியாது.”

“தெரியுமும்மா,” என்றாள் சுகுணா. மறுமுனையில் மணி அடித்துக்கொண்டிருந்தது. கீழே அவள் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தபடி குழந்தை, “அத்தை, குதி” என்றது.

மறுநாள் முற்பகல் பேருந்தில் காளியண்ணன் வந்தார். செய்தி எப்படியோ பரவி, வீதிப் பெண்கள் அவரவர் பலகையோடு வந்து, சமையற்கட்டு வாசலிலும் சன்னல் ஓரத்திலுமாகப் போட்டுக்கொண்டு ஏறி நின்றார்கள். மெயினருகே அங்கப்பன் தன் பழைய முள் மீட்டரின் வளையத்தைப் போகிற கம்பிக்கும் வருகிற கம்பிக்கும் சேர்த்து மாட்டியிருந்தான். போவதும் வருவதும் சமமாயிருந்தால் முள் அசையாது. நாச்சிமுத்து மொபெட்டை நிறுத்திவிட்டு வாசலிலேயே நின்றான். சுகுணா கிரைண்டருக்கு முன்னால், தரையில் ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றி, செருப்பைக் கழற்றி, இறங்கினாள். ட்ரிப்பர் விழுந்தது. அங்கப்பன் தூக்கினான். விழுந்தது.

“சொல்லம்மிணி,” என்றார் காளியண்ணன்.

“நெஞ்சுவலி இல்லீங் மாமா. கரண்டு. நங்கை நின்ன பலகைய நான்தான் வாங்குனேன். மணைக்கு.”

“அதான் மஞ்சளா?”

“ஆமாங்.”

வாசலில் நின்ற நாச்சிமுத்து சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். சன்னலருகே ஒருத்தி, “போதும்டி” என்றாள். யாரும் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. அங்கப்பன் நாக்கைத் தூக்கினான். சற்று நின்று, விழுந்தது.

“பலகைய எடுத்தது தெரியாம எடுத்தே,” என்றார் காளியண்ணன். ஒவ்வொரு சொல்லையும் அவர் கல்லைப் புரட்டுவதுபோல் புரட்டினார். “அவளுக்கு ஆனது எப்பத் தெரிஞ்சுது உனக்கு?”

“கல்லு சத்தம் மாறுச்சுங். வளையல் சத்தம் கேட்டுதுங். அப்பவே தெரிஞ்சுதுங்.”

“எந்திரிச்சயா?”



“இல்லீங் மாமா. தட்டு மாத்தி முடியற வரைக்கும் எந்திரிக்கல. குங்குமம் வெச்சாங்க, பூ வெச்சாங்க. நான் உக்காந்துட்டே இருந்தனுங்.”

அங்கப்பன் நாக்கைத் தூக்கினான். இம்முறை அது நின்றது. ஈரத் தரையில் சுகுணாவின் இரு வெறுங்கால்களும் பதிந்திருக்க, விளக்கு எரிந்தது. பெண்கள் பலகைகளின்மேல் அசைந்தார்கள். அத்தோடு அவள் நிறுத்தியிருக்கலாம். அவள் சுவிட்சைப் போட்டாள், கல் உருண்டது, கலாமணி பிடித்த இடத்திலேயே வலக்கையால் உருளையின் விளிம்பைப் பற்றினாள். வளையல்கள் கிலுகிலுத்தன. மண்ணுக்குள்ளிருந்து ஏதோ ஒன்று, நெடுங்காலம் கீழே காத்திருந்ததுபோல், அவள் உள்ளங்காலில் ஏறி, முழங்கால் ஏறி, நெஞ்சைக் கடந்து, தோளில் திரும்பி, கை வழியாக உருளைக்குள் போய், கம்பிக்குள் ஏறி, வந்த வழியே திரும்பிச் சென்றது. அவள் கத்தவில்லை. அவள் உதடுகள் ‘நங்கை’ என்று அசைந்ததை வேலாத்தாள் பார்த்தாள். பிறகு ட்ரிப்பர் விழுந்தது, அது விழவேண்டிய நேரத்தில், விழவேண்டிய விதத்தில் விழுந்தது, கை விடுபட்டது, அவள் தரையில் சரிந்து உட்கார்ந்தாள். உள்ளங்கையில், விரல்களின் அடியிலே, வெள்ளையாய் ஒரு கோடு.

காளியண்ணன் அந்தக் கையைப் பிடித்துப் பார்த்தார். மகளின் கையைப் பார்க்க அவரை யாரும் விட்டிருக்கவில்லை. வெகுநேரம் பார்த்தார். அதை மெல்ல அவள் மடியிலேயே வைத்துவிட்டு, பேத்தியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். பூவரசம் பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். சுகுணாவைத் திட்டவில்லை. தேற்றவும் இல்லை. “அத்தை, அத்தை” என்று கைகளை நீட்டி அழுத குழந்தையின் குரல் வீதி முனைவரை கேட்டது. பிறகு பேருந்தின் ஒலியில் கரைந்தது. பல்லடத்தார் உப்புத் தட்டையும் சர்க்கரைத் தட்டையும் ஆள்மூலம் திருப்பியனுப்பினார்கள். நாச்சிமுத்து தாயோடு பேசுவதை நிறுத்தினான். மாராத்தாள் தன் பலகையைவிட்டு இறங்கவேயில்லை. கடைசியில் அவளை மயானத்துக்கும் அதன்மேல் வைத்தே கொண்டுபோனார்கள்.

மற்றவர்கள் இன்றும் பலகைமேல்தான். வேலாத்தாளும். இறங்கிச் சொல்லத் துணிவில்லை, சொல்லாமல் இறங்க வழியில்லை என்று அவளே சொன்னாள். அவ்வீதியில் வெறுங்காலோடு நடக்கிற பெண் ஒருத்திதான். விரல்கள் முழுதும் மடங்காத வலக்கையால் மாவை அள்ளி, காலை முதல் மாலைவரை அவள் அரைக்கிறாள். அவள் வீட்டு விளக்கு அணைவதேயில்லை.

அன்று கடைசியாக ட்ரிப்பர் விழுந்த கணத்தில் அங்கப்பன் மீட்டரைப் பார்த்தான். கசிவு என்றால் முள் வலப்புறம் சாயவேண்டும். அது இடப்புறம், சுழியத்துக்கு அப்பால், கோடுகளோ எண்களோ எழுதப்படாத வெறும் வெள்ளையில் போய் நின்றிருந்தது. வீட்டுக்குள் போன மின்சாரத்தைவிடத் திரும்பி வந்தது கூடுதல். எவ்வளவு கூடுதல் என்று வாசலில் நின்ற பெண்கள் கேட்டார்கள். கேட்காமல் அவர்களால் இருக்க முடியவில்லை. அவன் முள் நின்ற தூரத்தைச் சுட்டுவிரலாலும் கட்டைவிரலாலும் பிடித்து, அந்த அளவு மாறாமல் கையை வலப்புறம் திருப்பி, அங்கே எழுதியிருந்த எண்ணோடு ஒத்துப் பார்த்து, உரக்கப் படித்தான்: முப்பது மில்லி ஆம்பியர்.